நீலக் கவுனுக்கு வைத்த கை

தம்பிக்கு,

எனக்கு மறதி வந்துவிட்டது என்று உன் பெண்டாட்டி நிவேதாவிடம் சொல்லியிருக்கிறாய். அப்பா போனதிலிருந்தே அம்மா இப்படித்தான், ஒன்றைச் சொல்லிவிட்டு நான் சொல்லவே இல்லை என்பார்கள், நீ அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே என்று பெங்களூருக்குத் திரும்பிப் போகிற வழியில் காரில் வைத்து அவளுக்குச் சமாதானம் சொன்னாயாம். சரி. மறதிக்காரி எழுதுகிறேன். ஃபோனில் சொன்னால் 'மீட்டிங்ல இருக்கேம்மா, அப்புறம் பேசுறேன்' என்பாய். எழுதினால் குறுக்கே பேச வழியில்லை. எழுதி முடித்ததும் நானே ஃபோட்டோ பிடித்து ஜெர்மனிக்கு அனுப்புவேன். அது எப்படி என்று இன்னும் மறக்கவில்லை.

தை மாதத்தில் உன் பெரியப்பா மகள் கல்யாணத்துக்கு நீங்கள் இரண்டு பேரும் வந்தீர்கள். உங்கள் கல்யாணத்துக்குப் பிறகு சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடுகிற முதல் விசேஷம். நிவேதா குளிக்கப் போயிருந்தாள். நான் அடுப்படியில் சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். நீ ஒரு துணிக்கடைப் பையைக் கொண்டுவந்து அரிசி டின் மேல் வைத்தாய். ஈரத் தலையோடு நின்றாய். சாம்பல் நிற பனியன் போட்டிருந்தாய். தோளில் உன் அப்பாவின் பழைய துண்டு.

"இதுக்கெல்லாம் கை வச்சுத் தச்சுக் குடுத்துரும்மா" என்றாய்.

பையைப் பிரித்துப் பார்த்தேன். நான்கு சுடிதார் டாப்பு, ஒரு நீலக் கவுன். எல்லாம் கையில்லாதவை.

"நல்லாத்தானப்பா இருக்கு? இப்ப எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான போடுதுக?"

"நிவேதாதாம்மா கேட்டா. நம்ம ஆளுக முன்னாடி போட அவளுக்கு ஒரு மாதிரியா இருக்காம்."

"அத அவளே எங்கிட்டச் சொன்னா என்ன? குளிச்சுட்டு வரட்டும், அளவு எடுத்துக்கிறேன்."

"ஐயோ, வேணாம்மா. அவ ரொம்பக் கூச்சப்படுவா. நீ அவகிட்ட இதப் பத்திப் பேச்சே எடுக்காத. இந்தா, இந்தப் பழைய டாப்பு அளவுக்கு. கை முழங்கைக்குக் கீழ வரணும், மறந்துராத."

இவ்வளவும் நீ சொன்னது. ஒரு சொல்லை நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத் தெரியாது. நிவேதா திருச்சியில் வளர்ந்து பெங்களூரில் வேலை பார்க்கிற பெண். நீயாகப் பார்த்து, நீயாகப் பேசி, எங்களிடம் சொன்ன பெண். கல்யாணமாகி வந்ததிலிருந்து என்னிடம் எதையும் கேட்டதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால்கூடத் தானே போய் மோந்துகொள்வாள். மரியாதையாகப் பேசுவாள், ஆனால் ஒட்டமாட்டாள். அப்படிப்பட்டவள் முதல் தடவையாக என்னிடம் ஒன்று கேட்டுவிட்டிருக்கிறாள், அதுவும் எனக்குக் கைவந்த வேலையைக் கேட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வாரம் முழுவதும் மிஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. கல்யாண வீட்டுக்கு உதவப் போகவில்லை என்று உன் பெரியம்மா முறைத்துக்கொண்டாள்.

டாப்புகளுக்குப் பெரிய சிரமமில்லை. ரெடிமேட் துணிகளில் கைக்கென்று இரண்டு துண்டை உள்பக்கம் மடித்து ஒரு தையல் ஓட்டி வைத்திருப்பார்கள். வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம். ஆனால் அந்தத் துண்டில் குட்டைக் கைதான் வரும். நீ முழங்கைக்குக் கீழே கேட்டாய். அதனால் அடிப்பக்கத்திலிருந்து கொஞ்சம் துணி எடுத்து, ஒட்டுத் தெரியாமல் பட்டி வைத்து நீட்டினேன். கையில்லாத சட்டைக்குத் தோளைக் குறுகலாக வெட்டியிருப்பார்கள். அதில் அப்படியே கையை ஒட்டினால், கையைத் தூக்கும்போது சட்டை மொத்தமும் மேலே ஏறிக் கழுத்தைப் பிடிக்கும். அக்குளில் சின்னதாக ஒரு சதுரத் துண்டு வைத்துச் சேர்த்தேன். பரிமாறும்போதோ குனிந்து நிமிரும்போதோ பிள்ளைக்கு இழுக்கக் கூடாதே என்று.

நீலக் கவுனில்தான் சிக்கல். அதில் உபரித் துணி ஒரு துளிகூட இல்லை. கைக்குழியைச் சுற்றி மெல்லிய பட்டி வைத்து முடித்திருந்தார்கள். அந்த நீலத்துக்கு ஒத்த துணி தேடி அருப்புக்கோட்டை பஜாரில் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒன்று வெளுப்பாக இருந்தது, இன்னொன்று பளபளத்தது. கடைசியில் வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தேன். உன் அப்பா கடைசித் தீபாவளிக்கு எனக்கு எடுத்துக்கொடுத்த சேலை இருந்தது. மயில்கழுத்து நிறம். அதைக் கட்டுவதற்குள் அவர் போய்விட்டார். அதன் ரவிக்கைத் துணி வெட்டாமல் சேலையோடு சேர்ந்தே இருந்தது. கவுனை அதன்மேல் விரித்துப் பார்த்தேன். அச்சாகப் பொருந்தியது. கத்தரியை வைக்கும்போது கை கொஞ்சம் தயங்கியது. மருமகளுக்குத்தானே என்று வெட்டிவிட்டேன்.

கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் திருச்சுழியில் மாப்பிள்ளை அழைப்புக்கு அவள் அதைத்தான் போட்டுக்கொண்டு வந்தாள். நன்றாக இருந்தது. தோள்பட்டையில் மட்டும் லேசாகச் சுருக்கம் தெரிந்தது போலிருக்க, சரிசெய்யலாம் என்று பக்கத்தில் போய்த் தொட்டேன். வெடுக்கென்று விலகினாள். "போதும் அத்தை. எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றாள். குரலில் ஈரமே இல்லை. நீ பக்கத்தில்தான் நின்றாய். என்னைப் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. பந்தல்காரனிடம் போய் லைட்டைப் பற்றி ஏதோ கேட்டாய்.

நீங்கள் ஊருக்குப் போன பிறகு பீரோவைத் திறந்தால், நான் கை வைத்த ஐந்து உருப்படியும் அழகாக மடித்து அங்கேயே இருந்தன. மறந்து வைத்தவள் அப்படி மடித்து வைக்கமாட்டாள். உனக்கு ஃபோன் போட்டேன். "பெட்டியில எடமில்லம்மா, அடுத்த தடவ எடுத்துக்குவோம்" என்றாய். அதற்குப் பிறகு அவள் ஃபோனில் பேசுவதும் குறைந்துபோனது. 'நல்லாருக்கேன் அத்தை. நீங்க? சாப்பிட்டீங்களா? இவர்கிட்டத் தரேன்.' அவ்வளவுதான். நான் என்ன குறை வைத்தேன் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். தைத்தது பிடிக்கவில்லையா, பழைய சேலையில் வெட்டியது தெரிந்துபோய்க் கேவலமாக நினைத்தாளா என்றெல்லாம் தோன்றியது. அவள்மேல் கசப்பும் வந்தது. ஆசையாகச் செய்ததைத் தூக்கிப்போட்டுவிட்டுப் போகிறாளே, படித்த திமிர் என்று நினைத்தேன். மூன்று மாதம் அந்தக் கசப்பை என்னைச் சுமக்க வைத்தாய். அவளையும் சுமக்க வைத்தாய். நீ மட்டும் இரண்டு பக்கமும் நல்லவனாக இருந்தாய்.

உன் அப்பாவை உனக்கு ஒரு மாதிரி தெரியும், எனக்கு வேறு மாதிரி தெரியும். முரட்டு மனுஷன். பாலவனத்தத்தில் இரும்புக் கடை வைத்திருந்தவருக்குப் பேச்சும் இரும்பாகத்தான் இருக்கும். கல்யாணமான புதிதில் தையல் மிஷின் வேண்டுமென்று கேட்டேன். "வேணாம். அளவு குடுக்குறேன், துணி வாங்குறேன்னு நாலு பேரு வீட்டுக்கு வந்து போறது எனக்குப் பிடிக்கல" என்றார். எனக்கு என்றார். உன் அப்பத்தா அப்போது உயிரோடு இருந்தார்கள், அவருடைய அண்ணன் இருந்தார், அக்கம்பக்கம் இருந்தது. யார் பெயரையும் அவர் இழுக்கவில்லை. அதனால் நான் சண்டை போட வேண்டிய ஆள் யார் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. போட்டேன். பேசாமல் இருந்தேன், சோற்றை வைத்துவிட்டு எழுந்து போனேன், அழுதேன், கத்தினேன். ஒரு நாள் மல்லாங்கிணறு பஸ்ஸின் டாப்பில் மிஷினை ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கினார். "இந்தா, தச்சுத் தொலை" என்றார். அந்த மிஷினில் தைத்த முதல் துணியே உன் அப்பாவுக்குக் கை வைத்த பனியன்தான். அவருடைய கோபம் எனக்குப் பிடிக்காது. ஆனால் அது அவருடைய கோபம். இன்னொருத்தர் தலையில் அதை அவர் வைத்ததே இல்லை.

இப்போது சித்திரைக்கு வருகிறேன். ஜெர்மனிக்குப் புறப்படுவதற்கு முன் சொல்லிக்கொண்டு போக வந்தீர்கள். நீ முதலில் போவதாகவும், விசா வந்ததும் நிவேதா பின்னால் வருவதாகவும் ஏற்பாடு. நீ ஏதோ சர்டிபிகேட் வேலையாகக் காலையிலேயே விருதுநகர் போய்விட்டாய். மத்தியானம் கரண்டு போனது. நம் ஊர் சித்திரை வெயிலைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுவரைத் தொட்டால் சுடுகிறது. நிவேதா முழுக்கை வைத்த கனமான சட்டையோடு தரையில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். கழுத்தெல்லாம் வேர்க்குரு. எனக்கு மனசு கேட்கவில்லை.

"ஏத்தா, இந்த வெயில்ல என்னத்துக்கு இந்த முழுக்கை? வீட்டுல நாம ரெண்டு பேருதான இருக்கோம். கையில்லாதது ஒண்ணு போட்டுக்கிட்டா காத்தோட்டமா இருக்கும்ல?"

விசிறி நின்றது. "என்னைச் சோதிக்கிறீங்களா அத்தை?" என்றாள்.

"இதுல சோதிக்க என்னம்மா இருக்கு?"

"கையில்லாம போடக்கூடாதுன்னு சொன்னதே நீங்கதானே?"

"நானா? நான் எப்பச் சொன்னேன்? நீதான கை வச்சுத் தரச் சொன்ன?"

"நான் யார்கிட்டச் சொன்னேன்?"

"எம் மகன்கிட்ட."

அவள் விசிறியைக் கீழே வைத்தாள். "உங்க மகன் எங்கிட்ட, அம்மாதான் பிடிவாதமாச் சொல்றாங்கன்னு சொன்னார்" என்றாள்.

பிறகு அவளே மெதுவாகச் சட்டையின் வலது கையைச் சுருட்டி மேலே ஏற்றினாள். தோளிலிருந்து முழங்கைவரை தோல் சுருங்கி இழுத்து, சில இடம் வெளுத்தும் சில இடம் கறுத்தும் கிடந்தது. நான் அதை அன்றைக்குத்தான் பார்த்தேன். கல்யாணத்தன்று அவள் முழங்கை மறைத்த ரவிக்கை போட்டிருந்தாள். அதற்குப் பிறகு நான் பார்க்க ஏது வழி? அளவு எடுக்கிறேன் என்று சொன்னபோது நீ ஏன் பதறினாய் என்பது அப்போது விளங்கியது.

சின்னப் பிள்ளையாக இருந்தபோது அடுப்பில் கொதித்த எண்ணெய் கையில் கொட்டிவிட்டதாம். பள்ளிக்கூடத்தில் அத்தனை பிள்ளைகளும் அரைக்கைச் சட்டை போட்டபோது இவள் மட்டும் முழுக்கை போட்டுக்கொண்டு போனாளாம். காலேஜிலும் அப்படித்தான், வேலைக்குப் போன பிறகும் அப்படித்தான். உன்னோடு பழகிய பிறகு ஒரு நாள் பயந்து பயந்து கையைக் காட்டினாளாம். நீ என்ன சொன்னாய் என்று அவள் சொன்னாள். 'இதுல மறைக்க என்ன இருக்கு?' என்றாயாம். அடுத்த வாரம் அந்த நீலக் கவுனை நீயே வாங்கிக்கொடுத்தாயாம். அதைப் போட்டுக்கொண்டு உன் பக்கத்தில் ரோட்டில் நடந்தபோதுதான் வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் கையில் காற்று பட்டதாம்.

"அன்னைக்குத்தான் அத்தை, இவரையே கட்டிக்கலாம்னு எனக்குத் தோணுச்சு" என்றாள்.

தம்பி, அந்தக் கவுனுக்குத்தான் என்னைக் கை வைக்கச் சொன்னாய். நீ வாங்கிக்கொடுத்ததை நான் மூடினேன். உன் அப்பா எடுத்துக்கொடுத்த துணியால் மூடினேன். 'அம்மா உன் தழும்பைக் கேள்விப்பட்டு ரொம்ப வருத்தப்பட்டாங்க, பெரியப்பா வீட்டில் யாராவது பார்த்துவிட்டு உன் மகனுக்கு இப்படி ஒரு பெண்ணா என்று கேட்டால் தாங்கமாட்டேன் என்றாங்க, அவங்களே கை வைத்துத் தருகிறேன் என்றாங்க, நீ ஒன்றும் கேட்டுக்காதே' என்று அவளிடம் சொல்லியிருக்கிறாய். எனக்கு அப்படி ஒரு தழும்பு இருப்பதே தெரியாது. நான் படாத வெட்கத்தை என் வாயில் திணித்து அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாய். மாப்பிள்ளை அழைப்பன்று நான் தோளைத் தொட்டபோது, தழும்பு சரியாக மூடியிருக்கிறதா என்று சோதிப்பதாக அவள் நினைத்தாளாம். வேறு எப்படி நினைப்பாள்?

அவள் எழுந்துபோய்ப் பீரோவிலிருந்து கவுனை எடுத்து வந்தாள். "இதப் பிரிச்சுத் தர முடியுமா அத்தை?" என்றாள். பிளேடை எடுத்தேன். ஆளுக்கொரு கையாக உட்கார்ந்து பிரித்தோம். அக்குள் துண்டில் நான் இரண்டு தையல் போட்டிருந்தேன், அவள் திணறினாள். அப்போதுதான் இது எந்தத் துணி, இவ்வளவு பொருத்தமாக எங்கே கிடைத்தது என்று கேட்டாள். சொன்னேன். பிளேடைக் கீழே வைத்துவிட்டாள்.

"மாமா எடுத்துக் குடுத்த சேலையா? ஏன் அத்தை சொல்லவே இல்ல?"

"சொன்னா என்ன பண்ணியிருப்ப?"

"எடுத்துட்டுப் போய்ப் போட்டிருப்பேன். மனசுக்குள்ள பொசுங்கிக்கிட்டே போட்டிருப்பேன்."

"அப்ப சொல்லாததே நல்லது. பிரி" என்றேன். இருவரும் அழுதோம். அதைப் பெரிதாக எழுத எனக்கு இஷ்டமில்லை. கைக்குழியில் பழைய பட்டியைத் திரும்ப மடித்து நான் கையாலேயே தைத்துக் கொடுத்தேன். துணியில் ஊசி ஏறி இறங்கிய ஓட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. இரண்டு தண்ணீர் போட்டால் அடங்கிவிடும் என்று அவளிடம் சொன்னேன்.

சாயங்காலம் நீ வந்தாய். தரையெல்லாம் நூல் கிடந்தது. நிவேதா கவுனைப் போட்டுக்கொண்டு நின்றாள், இரண்டு கையும் மூடாமல். நீ முதலில் பார்த்தது அவளை அல்ல, வாசல் கதவு திறந்திருக்கிறதா என்றுதான் திரும்பிப் பார்த்தாய். அதையும் நான் பார்த்தேன், அவளும் பார்த்தாள்.

"நல்லா இருந்ததை எதுக்கும்மா பிரிச்ச?" என்றாய்.

"கை வைக்கச் சொன்னது யாரு தம்பி?" என்று கேட்டேன்.

"இப்ப எதுக்கு அந்தப் பழைய கதை? பசிக்குது, சோத்தப் போடு."

அவள் உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நீ சாப்பிடும்வரை நின்றாள். நீ மோர் ஊற்றிக்கொண்டாய், ஊறுகாய் கேட்டாய், ஜெர்மனியில் குளிர் எப்படி இருக்கும் என்று சொன்னாய், கை கழுவினாய். ஆமாம், நான்தான் சொன்னேன் என்ற ஒரு வார்த்தைக்காக அவள் காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன். சொல்லியிருந்தால் விளக்குமாற்றை எடுத்து நாலு போட்டிருப்பேன். பிறகு உனக்குப் பிடித்த பணியாரத்தையும் சுட்டிருப்பேன். நீ படுக்கப் போய்விட்டாய்.

மறுநாள் நீங்கள் கிளம்பினீர்கள். அதற்கு அடுத்த நாள் நிவேதா எனக்கு ஃபோன் செய்தாள். உன் குரல் பின்னால் கேட்கவில்லை, ஆபீசிலிருந்து பேசியிருக்க வேண்டும். "அத்தை, உங்களுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே? டாக்டர் யாரையாச்சும் பாத்தீங்களா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். ஏன் என்றேன். எனக்கு மறதி என்று நீ காரில் சொன்னதை அப்போதுதான் சொன்னாள். அவள் பாதி நம்பித்தான் கேட்டாள் தம்பி. அதற்காக அவளை நான் குற்றம் சொல்லமாட்டேன். கட்டின புருஷன் சொன்னதை முழுக்கப் பொய் என்று எடுத்துக்கொள்ள எந்தப் பெண்ணுக்கும் கொஞ்ச நாளாகும். ஆனால் பெற்றவளைப் புத்தி தவறியவளாக்கி உன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள உனக்கு எப்படி மனசு வந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. நாளைக்கு நிஜமாகவே எனக்குத் தடுமாற்றம் வந்தால், அப்போது என் பேச்சை யார் கேட்பார்கள்?

நீ எட்டாவது படித்தபோது பக்கத்துத் தெரு இஸ்மாயில் தினமும் நம் வீட்டுக்கு வருவான். அவன் அத்தா வெளிநாட்டில் இருந்தார். என் கையால் எத்தனையோ நாள் தோசை சாப்பிட்ட பிள்ளை. திடீரென்று வருவதை நிறுத்திவிட்டான். ஒரு நாள் காய்கறிக் கடையில் அவன் அம்மா என்னை நிறுத்தினாள். "எம் பிள்ளைய வீட்டுக்கு வர வேணாம்னு சொன்னீகளாமே. நான் சண்டைக்கு வரல. ஏன்னு மட்டும் சொல்லுங்க, மனசு ஆறல" என்றாள். வீட்டுக்கு வந்து உன்னைப் பிடித்துக் கேட்டேன். விளையாட்டில் உனக்கும் அவனுக்கும் ஏதோ சண்டை. இனிமேல் வராதே என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல உனக்குத் தைரியம் இல்லை, அம்மா திட்டுகிறார்கள் என்று சொல்லிவிட்டாய். அன்று உன் காதைப் பிடித்து அவர்கள் வீட்டுக்கே இழுத்துக்கொண்டு போனேன். நீ அழுதுகொண்டே, "எங்கம்மா சொல்லல, நான்தான் சொன்னேன்" என்றாய். அவன் அம்மா உன் கண்ணைத் துடைத்து உட்கார வைத்து ரோஸ்மில்க் கொடுத்தாள். உண்மையைச் சொன்னால் உலகம் இடிந்துவிடாது என்று அன்றைக்கே நீ தெரிந்துகொண்டாய் என்று நினைத்திருந்தேன். இப்போது உன் காது எனக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது.

நீ விமானம் ஏறிய பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. நிவேதா தனியாகப் பஸ் ஏறி இங்கே வந்தாள். அந்த நீலக் கவுனில்தான் வந்து இறங்கினாள். உன் பெரியப்பா கிணற்றடியில் வழுக்கி விழுந்து காலில் கட்டுப் போட்டுக் கிடந்தார் அல்லவா, பார்க்கப் போக வேண்டும் என்று நான் சொன்னேன். "நானும் வாரேன் அத்தை" என்றாள். அதற்குள் என் பேச்சு அவளுக்கு ஒட்டிக்கொண்டது. சேலை மாற்றிக்கொள்கிறாயா என்று நான் கேட்கவில்லை. அவளும் மாற்றவில்லை. திருச்சுழி பஸ்ஸில் எதிர் சீட்டுக்காரி அவள் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள். நிவேதா ஜன்னல் வழியாகக் கருவேலங்காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் விரல்கள் என் சேலை முந்தானையைப் பிடித்திருந்தன. அவளுக்கு அது தெரிந்திருக்காது.

பெரியப்பா பார்த்த உடனே கேட்டுவிட்டார். "கையில என்ன தாயி?"

"சின்ன வயசுல எண்ணெய் கொட்டிருச்சு, பெரிய மாமா."

"அடடா. பிஞ்சுக் கையில கொட்டினா என்னா வலி வலிச்சிருக்கும்? எனக்கு இந்தக் காலு ஒண்ணுக்கே உசுரு போகுது, கேளு" என்று தன் காலைப் பற்றி ஆரம்பித்தவர், நாங்கள் கிளம்பும்வரை நிறுத்தவில்லை. நீ இந்த மனுஷருக்குத்தான் பயந்தாய்.

எல்லாரும் அப்படி இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். உன் பெரியம்மா அடுப்படியில் வைத்து, "இது கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டாள். "உங்க கொழுந்தன் மகனுக்குத் தெரியும்" என்றேன். "ஒரு சேலையக் கட்டி மூடிக்கிட்டு வந்திருக்கலாம்ல?" என்றாள். நிவேதா காப்பித் தம்ளரோடு நிலைப்படியில் நின்றாள். "போன தடவ மூடிக்கிட்டுத்தான் வந்தேன் பெரியத்தை. எனக்குப் பிடிக்கல" என்றாள். பெரியம்மா வாயைத் திறந்தாள், மூடினாள், சர்க்கரை போதுமா என்று கேட்டாள். இவ்வளவுதான் தம்பி. எந்தப் பேச்சுக்குப் பயந்து நீ இரண்டு பெண்களையும் ஒருத்திக்கொருத்தி ஆகாதவர்களாக ஆக்கினாயோ, அந்தப் பேச்சு வந்தது. காப்பி ஆறுவதற்குள் போய்விட்டது.

நேற்று ஃபோனில் நீ கேட்டதற்கு வருகிறேன். நிவேதா விசாவுக்கு இன்னும் பேப்பர் கொடுக்கவில்லை, உன் ஃபோனை எடுத்தாலும் சரியாகப் பேசுவதில்லை, "நீ கொஞ்சம் சொல்லும்மா, நீ சொன்னா கேப்பா" என்றாய். மறதிக்காரி சொன்னால் அவள் கேட்பாளா என்று வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். சொல்லமாட்டேன். உன் சார்பாக அவளிடமோ, அவள் சார்பாக உன்னிடமோ இனி ஒரு வார்த்தை பேசமாட்டேன். 'வெட்கப்பட்டது நான்தான், என் அம்மா அல்ல, உன் கையைச் சொந்தக்காரர்கள் பார்ப்பார்களே என்று என் மனம்தான் கூசியது' என்று அவளிடம் நீயே சொல். அம்மாவுக்கு மறதி என்றது பொய் என்பதையும் நீயே சொல். எழுதி அனுப்பாதே, யாரையும் அனுப்பாதே. அவள் கேட்கும்படி சொல்.

சொன்ன பிறகு அவள் ஜெர்மனிக்கு வருவாளா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். வரமாட்டாள் என்றால், அதை அவளே உன்னிடம் நேராகச் சொல்வாள். யார் பெயரையும் சொல்லி ஒளிந்துகொள்ளமாட்டாள்.

அம்மா